அஸ்கபான் கைதி பிறந்த கதை

எட்டு ஹாரி பாட்டர் படங்களில், வெளியான காலத்தில் மிகக் குறைவாக வசூலித்தது மூன்றாவது படம். எட்டில் சிறந்தது எது என்று விமர்சகர்களைக் கேட்டால் பலரும் முதலில் சொல்வதும் அந்த மூன்றாவது படத்தைத்தான். 2004இல் வந்த ‘ஹாரி பாட்டர் அண்ட் தி பிரிசனர் ஆஃப் அஸ்கபான்’ இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே சுமக்கிறது. நாவலை வரி வரியாக அறிந்த வாசகர்களில் ஒரு பகுதியினர் அதன் இயக்குநரை இன்னும் மன்னிக்கவில்லை. சினிமாவை நேசிக்கிறவர்களோ, அந்தத் தொடருக்கு உயிர் வந்ததே அங்கேதான் என்கிறார்கள். என் வாக்கு இரண்டாவது கட்சிக்கு. ஆனால் முதல் கட்சி சொல்லும் குறைகளில் ஒன்று மிகவும் நியாயமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை 2002இல் தொடங்குகிறது. முதல் இரண்டு படங்களை இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். ‘ஹோம் அலோன்’ எடுத்தவர். நம் ‘அவ்வை சண்முகி’க்கு வித்தாக இருந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படமும் அவருடையதுதான். குழந்தைகளிடம் பொறுமையாக வேலை வாங்கத் தெரிந்தவர். லண்டனுக்கு வடக்கே லீவ்ஸ்டனில், ஒரு காலத்தில் விமானத் தொழிற்சாலையாக இருந்த கொட்டகைகளுக்குள் ஹாக்வார்ட்ஸ் பள்ளியை எழுப்பினார். கேமராவையே அதிகம் பார்த்திராத சிறுவர் சிறுமியரை அங்கே கொண்டுவந்து நடிகர்களாக்கினார். 2001 நவம்பரில் முதல் படம், 2002 நவம்பரில் இரண்டாவது. முன்னது 152 நிமிடம், பின்னது 161. புத்தகத்தில் இருந்த அறைகள், மாடிப்படிகள், சாப்பாட்டு மேசை, ஆந்தை என ஒவ்வொன்றும் வாசகர் மனத்தில் கண்டபடியே திரையில் வந்தது. வாசகர்கள் மகிழ்ந்தார்கள். விமர்சகர்களில் பலர், நாவலுக்குப் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து கொடுத்ததுபோல இருக்கிறது என்றார்கள்.

அந்தக் குறையை இன்று பலரும் பெரிதாக்கிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது நாவல்களே ஏழில் நான்குதான் வந்திருந்தன. கதை எங்கே போய் முடியும் என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நிலையில் புத்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே சரியான வழி. மூன்றாவது படம் துணிந்து வேறு பாதையில் போக முடிந்ததற்குக் காரணம், கொலம்பஸ் அடித்தளத்தை அவ்வளவு உறுதியாகப் போட்டிருந்ததுதான். நடிகர்களும் அவர் தேர்ந்தெடுத்தவர்கள். பள்ளிக்கூடமும் அவர் காலத்தில் கட்டியது.

ஆனால் அவர் களைத்துப் போயிருந்தார். ஒரு படத்தின் வேலை முடியும் முன்பே அடுத்ததன் படப்பிடிப்பு. தன் சொந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டே நாளாயிற்று என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி, மூன்றாவது படத்துக்குத் தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் இருந்தார். அதே சமயத்தில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002 அக்டோபர் 25 அன்று இறந்தார். இரண்டாவது படம் திரைக்கு வர மூன்று வாரங்களே இருந்தன.

தயாரிப்பாளர் டேவிட் ஹேமன் தேர்ந்தெடுத்த புதிய இயக்குநர் மெக்சிகோக்காரரான அல்ஃபோன்சோ குவாரோன். 1995இல் ‘எ லிட்டில் பிரின்சஸ்’ என்ற அருமையான குழந்தைகள் படத்தை எடுத்தவர்தான். ஆனால் அப்போது அவர் பெயரை உலகம் பேசியது ‘இ து மாமா தாம்பியேன்’ படத்துக்காக; இரண்டு பதின்பருவப் பையன்களும் ஒரு பெண்ணும் காரில் போகிற, வயது வந்தோர் மட்டுமே பார்க்கக்கூடிய ஸ்பானிய மொழிப் படம் அது. அப்படி ஒருவர் கையில் ஹாரி பாட்டரா என்று திகைத்தவர்கள் நிறைய. ஹேமன் சொன்ன காரணம் எளிமையானது. அந்தப் படம் பதின்பருவத்தின் கடைசி நாட்களைப் பற்றியது. மூன்றாவது ஹாரி பாட்டர் அதே பருவத்தின் முதல் நாட்களைப் பற்றியது. இந்தத் தொடருக்காக எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகக் கூர்மையானது இது என்று நான் நினைக்கிறேன்.

குவாரோனோ அதுவரை ஒரு ஹாரி பாட்டர் நாவலையும் படித்ததில்லை. வந்த வாய்ப்பை அவ்வளவாக மதிக்கவும் இல்லை. தன் நெருங்கிய நண்பரும் இயக்குநருமான கியெர்மோ டெல் டோரோவிடம் அதைப் பற்றிப் பேசினார். புத்தகத்தைப் படித்தாயா என்று டெல் டோரோ கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. திமிர் பிடித்தவன் என்று நன்றாகத் திட்டி, உடனே கடைக்குப் போய்ப் புத்தகங்களை வாங்கு என்று அனுப்பினார். மூன்றாவது நாவலின் பாதியைத் தாண்டுவதற்குள், இதை நான்தான் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்குக் குவாரோன் வந்துவிட்டார். இந்த நிகழ்ச்சியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவரை ஏற்பதில் நாவலாசிரியர் ஜே.கே.ரௌலிங்குக்குத் தயக்கமே இருக்கவில்லை. அந்த ஸ்பானியப் படத்தை அவர் ஏற்கனவே ரசித்திருந்தார். வரிக்கு வரி எடுக்க வேண்டாம், கதையின் உயிரை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் அவர் இயக்குநருக்குச் சொன்னதன் சாரம். பின்னால் வந்த சண்டை முழுவதும் இந்த ஒரு அனுமதியிலிருந்து கிளைத்தது. நாவலாசிரியர் கொடுத்த சுதந்திரத்தை நாவலின் வாசகர்கள் கொடுக்கத் தயாராக இல்லை.

மூன்றாவது நாவல் 1999 ஜூலையில் வெளிவந்தது. இந்தத் தொடரின் வில்லனான வோல்டமோர்ட் நேரில் தோன்றாத கதைகளில் ஒன்று. அஸ்கபான் சிறையிலிருந்து சிரியஸ் பிளாக் என்ற கைதி தப்பிவிடுகிறான். ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான், இப்போது ஹாரியைக் கொல்ல வருகிறான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவனைப் பிடிக்க டிமென்டர்கள் என்ற சிறைக்காவல் உருவங்கள் பள்ளியைச் சுற்றி நிறுத்தப்படுகின்றன. மனிதரிடம் இருக்கிற மகிழ்ச்சியை உறிஞ்சி எடுப்பவை அவை. தான் மனச்சோர்வு நோயில் கிடந்த காலத்திலிருந்து அவை பிறந்தன என்று ரௌலிங் சொல்லியிருக்கிறார். உள்ளே இருக்கும் பயத்தோடு ஒரு சிறுவன் போராடுவதுதான் கதையின் நடுத்தண்டு. அதைக் குவாரோன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பதின்மூன்று வயதில் ஒருவனுக்குத் தான் யார் என்று தேடத் தோன்றுகிறது. அந்தத் தேடலுக்கு உதவாத எதுவும் படத்தில் வேண்டாம் என்பது அவர் விதி. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எதைச் சேர்த்தார், எதை வெட்டினார் என்பதெல்லாம் புரிந்துவிடும்.

படப்பிடிப்பு 2003 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முன் மூன்று முக்கிய நடிகர்களையும் கூப்பிட்டு, தாங்கள் ஏற்கும் பாத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார். ஹெர்மயனியாக நடித்த எம்மா வாட்சன் பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்தார். ஹாரியாக நடித்த டேனியல் ராட்க்ளிஃப் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். ரானாக நடித்த ரூபர்ட் கிரின்ட் எதையுமே கொடுக்கவில்லை. ரான் இருந்தால் இதைத்தான் செய்திருப்பான் என்றார். மூன்று பேரும் அவரவர் பாத்திரமாகவே பதில் சொல்லிவிட்டார்கள் என்பதைக் குவாரோன் கண்டுகொண்டார். இந்தச் செய்தியை நகைச்சுவையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. முதல் இரண்டு படங்களில் அந்தப் பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். நீ யார் என்று அவர்களைக் கேட்டவர் குவாரோன்.

சீருடையிலும் அதே கேள்வியை வைத்தார். பள்ளியில் நிஜமாகவே படித்தால் இதை எப்படி உடுத்துவீர்கள் என்று கேட்டு, அப்படியே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒருவனுக்குச் சட்டை வெளியே தொங்கியது, இன்னொருவனுக்கு டை தளர்ந்தது. வகுப்பு முடிந்தால் ஜீன்ஸும் ஸ்வெட்டருமாகத் திரிந்தார்கள். உடையலங்காரத்துக்கு ஜானி டெமீம் இந்தப் படத்தில்தான் வந்து சேர்ந்தார். தொடர் முடியும்வரை இருந்தார். மந்திரவாதப் பிள்ளைகள் நீள அங்கி இல்லாமல் அலைவதா என்று வாசகர்கள் முணுமுணுத்த முதல் விஷயம் இது. அந்த முணுமுணுப்பில் எனக்குச் சிறிதும் நியாயம் தெரியவில்லை. பிள்ளைகள் பிள்ளைகளாகத் தெரிந்தால்தான் அவர்களைச் சூழும் மாயமும் மாயமாகத் தெரியும்.

ஒளிப்பதிவாளர் மைக்கேல் செரெசினோடு சேர்ந்து அகன்ற கோண லென்ஸ்களை வைத்து எடுத்தார். முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டாமல், முகத்தைச் சுற்றியுள்ள அறையும் கூட்டமும் மலையும் சேர்ந்து தெரிந்தன. ஒரே ஷாட்டில் நீண்ட நேரம் ஓடும் காட்சிகள் வந்தன. விடுதியில் ரானின் தந்தை ஆர்தர் வீஸ்லி ஹாரியைத் தனியே ஒதுக்கி அழைத்துச் சென்று சிரியஸ் பிளாக்கைப் பற்றி எச்சரிக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கேமரா அவர்களோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் தேடப்படும் கைதியின் படம் அசைகிறது. பயமுறுத்தும் இசையோ வெட்டோ தேவைப்படவில்லை.

பள்ளியின் நிலமும் மாறியது. ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில், பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட்டின் குடிசையைப் போட்டார்கள். முந்தைய படங்களில் புல்வெளி ஓரத்தில் இருந்த குடிசை இப்போது செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. கூரையிட்ட மரப்பாலம் ஒன்றும், பெரிய ஊசல் ஆடும் மணிக்கூண்டும் புதிதாக வந்தன. அங்கே மழை விடாமல் பெய்தது. படத்தில் தெரியும் ஈரமும் சேறும் பெரும்பாலும் உண்மையானவை. கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க் முற்றத்தில் அமைத்த நீரூற்றில், பாம்பைப் பிடித்த கழுகுகளின் சிலைகள் இருக்கின்றன. மெக்சிகோவின் கொடியில் உள்ள சின்னம் அது. குடிசையை ஏன் நகர்த்தினார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. முந்தைய இரண்டு படங்களில் ஹாக்வார்ட்ஸ் அறைகளின் தொகுப்பாக இருந்தது. இதில்தான் அது மேடு பள்ளமுள்ள ஓர் ஊராயிற்று. பிள்ளைகள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள்.

டிமென்டர்களை உருவாக்கிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணினி வரைகலையில் எதையும் செய்துவிடலாம் என்ற காலம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் குவாரோன் முதலில் கணினியிடம் போகவில்லை. பேசில் ட்விஸ்ட் என்ற பொம்மலாட்டக் கலைஞரை வரவழைத்தார். கந்தல் துணி போர்த்திய பொம்மையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆட்டிப் பார்த்தார்கள். அதை மெதுவான அசைவில் படம் பிடித்தார்கள். நீருக்குள் துணி அசையும் விதத்தில் எடை இல்லை, அவசரமும் இல்லை. எந்தப் பக்கம் போகும் என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு முழுப் படத்துக்கு அதே முறையில் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தச் சோதனைப் பிம்பங்கள் வீணாகவில்லை. கணினிக் கலைஞர்கள் அவற்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் டிமென்டர்களின் அசைவை உருவாக்கினார்கள். ரயில் பெட்டியின் ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்து, கதவு மெல்ல நகர்ந்து, நீண்ட விரல்கள் உள்ளே வரும் காட்சியில் பயந்தது குழந்தைகள் மட்டுமல்ல. மனச்சோர்வு என்பதைத் திரையில் காட்டுவது மிகக் கடினம். ஒரு கற்பனைப் படம் அதற்கு இவ்வளவு துல்லியமான உருவம் கொடுத்தது என்பதே எனக்கு இந்தப் படத்தின் முதல் பெருமை.

டம்பிள்டோராக மைக்கேல் கேம்பன் வந்தார். ஹாரிஸின் மெல்லிய குரலையும் தள்ளாமையையும் அவர் பின்பற்றவில்லை. சற்றுக் குறும்பும் சுறுசுறுப்பும் கொண்ட கிழவராக ஆனார். இந்த மாற்றத்தை ஏற்காதவர்கள் கடைசிப் படம்வரை ஏற்கவில்லை. சிரியஸாகக் கேரி ஓல்ட்மன், ஆசிரியர் லூபினாக டேவிட் தியூலிஸ். லூபின் பாத்திரத்தில் தியூலிஸ் காட்டிய களைப்பும் கனிவும் பற்றிப் பெரிய சண்டை எதுவும் எழவில்லை. இசை ஜான் வில்லியம்ஸ். இந்தத் தொடருக்கு அவர் இசையமைத்த கடைசிப் படம் இதுதான். பள்ளிப் பாடகர் குழு பாடும் பாட்டின் சொற்கள் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ சூனியக்காரிகளிடமிருந்து எடுத்தவை. அந்தக் குழுவை நடத்துபவராக வார்விக் டேவிஸ் புதிய தோற்றத்தில் வந்தார். முந்தைய படங்களில் வெண்தாடி ஆசிரியர் ஃபிளிட்விக்காக நடித்தவரும் அவரே. அடுத்த படத்தின் இயக்குநருக்கு இந்தத் தோற்றம் பிடித்துப்போய், ஃபிளிட்விக் அதன் பிறகு இப்படியே இருந்துவிட்டார்.

இனி வெட்டியவை.

பிரிட்டிஷ் பதிப்பில் இரண்டாவது நாவல் 251 பக்கம். அதிலிருந்து வந்த படம் 161 நிமிடம். மூன்றாவது நாவல் 317 பக்கம். படம் 142 நிமிடம். புத்தகம் வளர, படம் சுருங்கியது. திரைக்கதை எழுதிய ஸ்டீவ் க்ளோவ்ஸ்தான் முந்தைய இரண்டையும் எழுதியவர் என்பதால், வெட்டியது தெரியாத்தனத்தால் வந்ததல்ல. ஹாரிக்கு யாரோ அனுப்பிய ஃபயர்போல்ட் துடைப்பத்தால் நண்பர்களுக்குள் வாரக்கணக்கில் நடக்கும் பிணக்கு போயிற்று. துடைப்பம் கடைசிக் காட்சிக்குத் தள்ளப்பட்டது. துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விடிச் விளையாட்டில் பள்ளிக் கோப்பையை வெல்லும் ஆட்டம் போயிற்று. புயலில் நடக்கும் ஓர் ஆட்டம் மட்டும் நின்றது. ஹெர்மயனியின் பூனை ஏறக்குறைய காணாமல் போயிற்று. பாழடைந்த வீட்டில், ஹாரியைக் கொல்வதானால் எங்களையும் கொல்ல வேண்டும் என்று கால் உடைந்த நிலையில் ரான் சொல்வதை, படத்தில் ஹெர்மயனி சொல்கிறாள். ஹெர்மயனிதான் தனக்கு மிகப் பிடித்த பாத்திரம் என்று க்ளோவ்ஸ் சொல்லியிருப்பதால், ரானின் ரசிகர்களுக்கு இதில் வந்த கோபம் இன்றும் தீரவில்லை. படத்தின் முதல் காட்சியிலேயே ஹாரி போர்வைக்குள் மந்திரக்கோலைக் கொளுத்திப் படிக்கிறான். பள்ளிக்கு வெளியே சிறுவர்கள் மந்திரம் செய்யக் கூடாது என்பது கதையின் சட்டம் அல்லவா என்று கேட்டவர்களும் சரியாகத்தான் கேட்டார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று.

பள்ளி முழுவதையும் காட்டி, அதில் யார் எங்கே நடக்கிறார்கள் என்றும் காட்டும் மராடர்ஸ் மேப் என்ற மாய வரைபடம் ஹாரிக்குக் கிடைக்கிறது. அதன் மேல் மூனி, வார்ம்டெயில், பேட்ஃபுட், ப்ராங்ஸ் என்று நான்கு பட்டப்பெயர்கள். அவர்கள் யார்? ஹாரியின் தந்தை ஜேம்ஸும் அவருடைய மூன்று நண்பர்களும்தான். லூபின் ஓநாய் மனிதன் என்பதால், அவனுக்குத் துணையாக இருக்க மற்ற மூவரும் மிருகமாக மாறக் கற்றுக்கொண்டார்கள். சிரியஸ் நாய், பீட்டர் எலி, ஜேம்ஸ் கலைமான். நாவலில் இது விளங்கும் இடம் நெஞ்சை அடைக்கும். ஏரிக்கரையில் டிமென்டர்களை விரட்ட ஹாரியின் கோலிலிருந்து எழும் காவல் உருவம் ஏன் கலைமானாக இருக்கிறது என்பதற்கான விடை அதுதான். தந்தை வந்து காப்பாற்றினார் என்று நம்பிய பையன், காப்பாற்றியது தானே என்று அறிகிறான். தந்தையும் ஒருவிதத்தில் அங்கே இருந்திருக்கிறார் என்பதையும் அறிகிறான். படத்தில் கலைமான் வருகிறது, ஒளிர்கிறது, மறைகிறது. அது யாருடைய உருவம் என்று யாரும் சொல்வதில்லை. லூபினுக்கு அந்த வரைபடத்தை இயக்க எப்படித் தெரியும் என்பதும் விளங்குவதில்லை. ஐந்தாவது படத்தில் பேட்ஃபுட் என்ற பெயரை ஹாரி சட்டென்று சொல்கிறான். நாவலைப் படிக்காதவருக்கு அது யாரென்று எளிதில் விளங்காது.

இதை விளக்க இரண்டு வசனம் போதும். தன்னைத் தேடும் சிறுவனின் கதை என்று விதி வகுத்துக்கொண்ட இயக்குநர், அந்தத் தேடலுக்கே விடையாக இருந்த செய்தியை வெட்டியது அவர் விதிக்கே மாறானது. படத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் வாசகர்கள் பக்கம்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

2004 மே 31 அன்று பிரிட்டனிலும், ஜூன் 4 அன்று அமெரிக்காவிலும் படம் வெளியானது. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் 9.37 கோடி டாலர். அதுவரை வந்த மூன்றில் அதுவே உச்சம். அடுத்த வார இறுதியில் அது 60 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 80 கோடி டாலர். முதல் படம் 97 கோடியும், இரண்டாவது 88 கோடியும் எட்டியிருந்தன. 13 கோடி டாலர் செலவில் எடுத்த படத்துக்கு இது பெரும் லாபம்தான். ஆனாலும் சரிந்துவிட்டது, ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தது.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு படங்களும் நவம்பரில் வந்தவை. அமெரிக்காவில் நன்றியறிதல் நாள் விடுமுறையும் அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸும் வரும். குடும்பங்கள் மறுபடியும் மறுபடியும் திரையரங்குக்கு வரும் காலம் அது. மூன்றாவது படம் கோடைக்கு வந்தது. ‘ஷ்ரெக் 2’ ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ அமெரிக்கத் திரைகளுக்கு ஒரு வாரம் முன்புதான் வந்திருந்தது. ஜூன் கடைசியில் ‘ஸ்பைடர்மேன் 2’ வந்துவிட்டது. அது போக, இருட்டான படம் என்று கேள்விப்பட்டுச் சிறு குழந்தைகளை அழைத்து வரத் தயங்கிய பெற்றோரும் இருந்திருப்பார்கள். வசூல் குறைந்ததை வைத்து மட்டும் ரசிகரின் வெறுப்பை அளக்க முடியாது.

விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடினார்கள். தொடர் முதல்முறையாக ஓர் இயக்குநரின் படமாக இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாயத்துக்கு எடை வந்திருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் விமர்சகர் எல்லோரும் ஒரு பக்கம், ரசிகர் எல்லோரும் மறுபக்கம் என்று பிரித்துவிடுவது தவறு. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற விமர்சகரான ரோஜர் ஈபர்ட் முதல் இரண்டு படங்களுக்கும் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவர். மூன்றாவதற்கு மூன்றரைதான் கொடுத்தார். முந்தையவற்றின் துள்ளல் இதில் குறைவு, விளக்க வேண்டிய சங்கதிகள் அதிகம் என்பது அவர் கருத்து. மறுபக்கம், 2005 பிப்ரவரியில் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டாவின் விழாவில், பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘ஆண்டின் சிறந்த படம்’ விருது இந்தப் படத்துக்குத்தான் போனது. நடுவர் குழு கொடுத்ததல்ல. படம் பார்த்தவர்கள் கொடுத்தது. ரசிகர்கள் நிராகரித்த படம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ரௌலிங்கும், அதுவரை வந்த மூன்றில் இதுவே தனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டார்.

ஆக, உண்மையான பிளவு வேறு இடத்தில் இருந்தது. புத்தகத்தைத் திரையில் சரிபார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம், ஒரு படத்தைப் பார்க்க வந்தவர்கள் மறுபக்கம். பல வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். முதல் தடவை சரிபார்ப்பவராகவும், இரண்டாம் தடவை பார்ப்பவராகவும் இருந்தார்.

இரண்டாம் தடவைதான் இந்தப் படத்துக்கு நியாயம் செய்யும் தடவை. கடைசிப் பகுதியில் ஹெர்மயனியிடம் உள்ள டைம் டர்னர் சங்கிலியால் அவளும் ஹாரியும் மூன்று மணி நேரம் பின்னால் போகிறார்கள். நாம் ஏற்கனவே பார்த்த மாலையை மறுபடி, வேறு கோணத்தில் பார்க்கிறோம். ஹாக்ரிட்டின் குடிசைக்குள் எங்கிருந்தோ கல் வந்து விழுந்ததே, அதை எறிந்தது யார்? காட்டுக்குள்ளிருந்து ஓர் ஊளை கேட்டு, பாய வந்த ஓநாய் மனிதன் திரும்பிப் போனானே, ஊளையிட்டது யார்? எல்லாவற்றுக்கும் விடை அங்கே கிடைக்கிறது. விடை தெரிந்தபின் படத்தை முதலிலிருந்து பார்த்தால், மணிக்கூண்டின் ஊசல், கடிகாரங்கள், ஹெர்மயனி திடீர் திடீரென்று வகுப்பில் முளைப்பது என்று ஒவ்வொரு காட்சியிலும் நேரத்தைப் பற்றிய குறிப்பு கிடக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் டிவிடி வந்தது. வீட்டில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களிடம்தான் படத்தின் மதிப்பு ஏறத் தொடங்கியது என்பது என் கணிப்பு. இன்னொன்றும் நடந்தது. 2004இல் பத்து வயதில் பயந்து பார்த்தவர்கள் பதினைந்து வயதில் மறுபடி பார்த்தார்கள். அப்போது அது அவர்களுடைய கதையாகியிருந்தது.

குவாரோன் அடுத்த படத்துக்கு இருக்கவில்லை. நான்காவதை மைக் நியூவெல் எடுத்தார். ஐந்து முதல் எட்டு வரை டேவிட் யேட்ஸ். அந்த நாவல்கள் 636 பக்கம், 766 பக்கம் என்று வளர்ந்துகொண்டே போயின. வெட்டாமல் எடுக்க வழியே இல்லை. எதை வைத்துக்கொள்வது என்று துணிந்து முடிவு செய்யும் உரிமையை மூன்றாவது படம் வாங்கிக் கொடுத்திருந்தது. மங்கிய வண்ணங்கள், தெருவில் போடும் உடைகள், மலைச் சரிவில் நிற்கும் பள்ளி எல்லாம் அப்படியே தொடர்ந்தன. மிகக் குறைவாக வசூலித்த படத்தின் அச்சில்தான் அதைவிட அதிகம் வசூலித்த ஐந்து படங்கள் வார்க்கப்பட்டன. குவாரோனுக்கும் இது பயிற்சிக் களமாயிற்று. பெரிய அளவில் கணினி வரைகலையைக் கையாளக் கற்றுக்கொண்டது இங்கேதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ‘சில்ட்ரன் ஆஃப் மென்’, ‘கிராவிட்டி’, ‘ரோமா’; பின்னிரண்டுக்கும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர்.

2023 ஏப்ரலில், ஏழு நாவல்களையும் எச்பிஓ தொலைக்காட்சித் தொடராக எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. புத்தகத்துக்கு விசுவாசமாக இருக்கும் என்பதே அந்த அறிவிப்பில் கொடுத்த முக்கிய வாக்குறுதி. மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும் என்பதால், துடைப்பப் பிணக்கும் க்விடிச் கோப்பையும் நான்கு பட்டப்பெயர்களும் திரையேற வாய்ப்பிருக்கிறது. நான் அதை மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் மட்டும் ரயில் ஜன்னலில் பனி பூத்த அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகிவிடாது. அதைச் செய்ய, என்ன கதை சொல்கிறோம் என்று தெரிந்த ஓர் இயக்குநர் வேண்டும்.

இதுவரை படத்தைப் பார்க்காதவர்கள் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் நாவலின் 18ஆம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். திரையில் விட்டுப்போன ஜேம்ஸின் கதை அங்கே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஏரிக்கரையில் வரும் கலைமான் யார் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.